முப்பது மடிக்கணினியா, ஒரு கணினி அறையா? வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்காகச் செலவிடும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் 120 பேர். இருக்கிற பணத்துக்கு 30 மடிக்கணினி வாங்கலாம். இல்லையென்றால் 20 இருக்கை போட்டு ஒரு கணினி அறை அமைக்கலாம். பள்ளி நிர்வாகம், நூலகம், முன்னாள் மாணவர் சங்கம், அறக்கட்டளை என்று யார் இந்த வேலையில் இறங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். எண்கள் கூடலாம், குறையலாம்.

பெரும்பாலும் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? எத்தனை கருவி கொடுத்தோம் என்பதை வைத்து. ஆண்டறிக்கையில் எழுத வசதி, மேடையில் வைத்துப் படம் எடுக்கவும் வசதி. ஆனால் கருவிகளின் எண்ணிக்கை மாணவருக்குக் கிடைத்ததைச் சொல்வதில்லை. கேட்க வேண்டியது வேறு: ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் கீபோர்டு முன்னால் உட்கார்கிறார்? சராசரியும் போதாது. 120 பேரில் மிகக் குறைவாக உட்காரும் பத்துப் பேருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

"வீட்டில் கணினி உண்டா?" என்று கைதூக்கச் சொன்னால் கிடைக்கும் பதிலை நம்ப முடியாது. இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சப்படுபவர்கள் உண்டு. அண்ணன் வேலைக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியை நினைத்துக்கொண்டு உண்டு என்பவர்களும் உண்டு. தனித்தனித் தாளில், பெயருடன், இப்படிக் கேட்பது பயன்படும்:

கடந்த ஏழு நாளில் கணினியில் உட்கார்ந்தது மொத்தம் எவ்வளவு நேரம்? அது யாருடையது, வீட்டில் எத்தனை பேர் அதைப் பகிர்கிறார்கள்? ஒரு பக்கம் முழுவதும் கடைசியாகத் தட்டச்சு செய்தது எதில், எப்போது? பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் தங்க முடியுமா, முடியாதென்றால் ஏன்? வீட்டில் மின்சாரம் எந்த நேரத்தில் இருக்கும்? இணையம் கைபேசி டேட்டாவா, தனி இணைப்பா?

நான்காவது கேள்வியைத் தவறவிடக் கூடாது. பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், மாலையில் வேலைக்குப் போகிறவர்கள், இருட்டுவதற்குள் வந்துவிடு என்று வீட்டில் சொல்லப்பட்ட பெண்பிள்ளைகள் எல்லாம் இதில்தான் தெரியவருவார்கள். கணக்கை மாற்றப்போவது இவர்கள்தான். எடுத்துக்காட்டுக்கு, 120 பேரில் 40 பேரால் மாலையில் தங்க முடியாது என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு வழி, ஒரே பணம்

முதல் வழி, 30 மடிக்கணினிகளை 30 பேருக்குச் சொந்தமாகக் கொடுத்துவிடுவது. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டால் அந்த 30 பேருக்கு வாரம் 14 மணி நேரம். மீதி 90 பேருக்குப் பூஜ்யம். தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பரிசாகக் கொடுத்தால் இன்னும் மோசம்; ஏற்கனவே முன்னால் நிற்பவர் மேலும் முன்னால் போவார்.

இரண்டாவது, 20 இருக்கை உள்ள கணினி அறையை மாலை மூன்று மணி நேரம், வாரம் ஆறு நாள் திறந்து வைப்பது. 20 × 3 × 6 = 360 இருக்கை மணி. 120 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 3 மணி நேரம். ஆனால் தங்க முடியாத 40 பேருக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் பங்கும் மற்ற 80 பேருக்குப் போய் அவர்களுக்கு 4.5 மணி நேரமாகிறது. பதிவேட்டைப் பார்த்தால் அறை நிரம்பி வழிவதாகத் தெரியும். யாருக்காக அறை கட்டப்பட்டதோ அவர்களில் மிக நெருக்கடியில் இருப்பவர்கள் அங்கே வரவே இல்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் தெரியாது.

மூன்றாவது, நூலகப் புத்தகம் போல இரவல். 30-இல் 4 பழுதுக்கால உபரியாக நிற்கட்டும். மீதி 26 சுற்றில் போகும்: 26 × 14 = 364 மணி நேரம். கணினி அறை தரும் 360-க்கு ஏறக்குறைய சமம். ஆனால் வடிவம் வேறு. ஒரு வார இரவல் என்றால் ஒவ்வொரு மாணவருக்கும் நாலரை வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். அந்த வாரம் 14 மணி நேரம், மற்ற வாரங்களில் ஒன்றுமில்லை. தட்டச்சுப் பழக்கத்துக்கும் நிரல் எழுதப் பழகுவதற்கும் இந்த இடைவெளி கெடுதல். ஒரு செயல்திட்டத்தை உட்கார்ந்து முடிப்பதற்கு இதுவே நல்லது.

நான்காவது வழியை யாரும் முதலில் யோசிப்பதில்லை. மேசைக் கணினி என்றால் அறை, மடிக்கணினி என்றால் வீடு என்று மனம் பிரித்து வைத்திருப்பதுதான் காரணம். 30 மடிக்கணினி வாங்கி, 4 உபரி, 14 அறையில், 12 இரவலுக்கு. அறை: 14 × 3 × 6 = 252, தங்க முடிந்த 80 பேருக்கு ஆளுக்கு 3 மணிக்குச் சற்றுக் கூடுதல். இரவல்: 12 × 14 = 168, தங்க முடியாத 40 பேருக்குச் சராசரி 4.2 மணி நேரம். மொத்தம் 420. எல்லாவற்றையும்விட, பூஜ்யத்தில் யாரும் இல்லை. அதுபோக, அறையில் இருக்கும் 14-ஐயும் பகலில் வகுப்புக்கு எடுத்துப் போகலாம். எங்கள் பரிந்துரை இந்த நான்காவது வழிதான். கீழே வருபவை எல்லாம் அதை ஓடவைப்பதற்கான விவரங்கள்.

கொடுத்துவிட்டால் போதும் என்பவர்களுக்கு

"ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" திட்டத்தை நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005-இல் அறிவித்தபோது, கருவியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் தாமாகவே கற்பார்கள் என்பதே அடிப்படை நம்பிக்கை. அந்தக் கணினிகளைப் பெரு நாடு பெருமளவில் வாங்கியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்ற நிலை 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணிதத்திலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் தேர்வுகளில் மட்டும் ஓரளவு முன்னேற்றம். பெரும்பாலான பள்ளிகளில் இணையம் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான் திட்டம். ஆனால் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பாதிக்கும் குறைவான பிள்ளைகளே கொண்டுபோனார்கள்.

2007-இல் உருகுவே தொடங்கிய சேய்பால் திட்டமும் அதே வகைக் கணினியுடன்தான் ஆரம்பித்தது. ஆனால் பள்ளிகளுக்கு இணைய இணைப்பு, பழுது பார்க்கும் ஏற்பாடு, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை அரசே சேர்த்து நடத்தியது. திட்டம் இன்றும் தொடர்கிறது. ஆகவே கணினியால் பயனில்லை என்று பெருவை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. கருவிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது பட்ஜெட்டில் ஒரு தனி வரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடைமுறையில் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கும் நாளில் தொடாமல் ஒதுக்கி வைக்கலாம். சார்ஜர், பேட்டரி, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), கீபோர்டு ஆகியவை இரண்டாம் ஆண்டில் அந்தப் பணத்தைக் கேட்கும்.

புதியதா, பழையதா?

ஆவணம் எழுத, அட்டவணை போட, நிரல் எழுதிப் பழக, பாடக் காணொளி பார்க்க என்றால், புதிய மடிக்கணினிகளில் மிக மலிவானதை வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. செலரான் என்ற மலிவு ரகச் செயலி (கணினியின் மூளை), பலகையோடு பற்றவைத்த 4 ஜிபி ரேம் (வேலை நினைவகம்), இஎம்எம்சி என்ற மலிவு வகையில் 64 ஜிபி சேமிப்பு. இவற்றில் எதையும் பிறகு மாற்ற முடியாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் என்பதால், ஓரிரு பெரிய புதுப்பிப்பு வந்ததும் இடம் நிரம்பி இயந்திரம் நொண்டத் தொடங்கும்.

அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் தின்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வணிக ரகங்கள் வேறு சாதி. பெரும்பாலானவற்றில் திருகைக் கழற்றினால் ரேம், சேமிப்பு, பேட்டரி, கீபோர்டு எல்லாம் மாற்றத்தக்கவை. உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும். இப்போது அவை அதிகம் வெளியே வருவதற்கு ஒரு காரணம் உண்டு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. அதற்கு முந்தைய இயந்திரங்கள் நன்றாக ஓடினாலும் அலுவலகங்கள் அவற்றைக் கழிக்கின்றன. தலைமுறையை ஒட்டுத்தாளில் பார்த்துவிடலாம்: ஐ5-6300யு என்றால் 6-ஆம் தலைமுறை, ஐ5-8350யு என்றால் 8-ஆம் தலைமுறை.

வாங்கும்போதும் நன்கொடை பெறும்போதும் பார்க்க வேண்டியவை சில. எல்லாம் ஒரே மாதிரி ரகமாக இருக்கட்டும். ஐந்து ரகத்தில் 30 வாங்கினால் ஐந்து வகை சார்ஜர், ஐந்து வகை பேட்டரி, ஐந்து வகைத் தலைவலி. ஒரே ரகம் என்றால் செத்துப்போன ஒன்றிலிருந்து மற்ற மூன்றைக் காப்பாற்றலாம். ரேம் 8 ஜிபி. இதில் 4-ஆம் தலைமுறையில் டிடிஆர்3எல் வகை ரேம், 8-ஆம் தலைமுறையில் டிடிஆர்4 வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, 6-ஆம் தலைமுறையில் இரண்டில் எதுவும் இருக்கலாம் என்பதால் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். பழைய இயந்திரத்துக்குச் செய்யும் செலவில் இதற்கு ஈடான பலன் வேறு எதிலும் இல்லை.

பேட்டரியின் இன்றைய முழுக் கொள்ளளவை அதன் தொடக்கக் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் விண்டோஸிலும் இதற்கான அறிக்கை உள்ளேயே இருக்கிறது. 60 சதவீதத்துக்குக் கீழே போனவற்றை அறை இருக்கைக்கு வைத்துக்கொண்டு, நல்லவற்றை இரவலுக்கு விடலாம். டச்பேட் மேலே எழும்பியிருந்தால், அடிமூடி சரியாக உட்காரவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் கழற்றி மின்கழிவு சேகரிப்பிடத்தில் சேர்க்க வேண்டும்.

நன்கொடையில் வருவதில் அடிக்கடி மாட்டிக்கொள்வது பூட்டு. பயாஸுக்கு (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) கடவுச்சொல் போட்டிருந்தால் யுஎஸ்பியிலிருந்து இயக்கவே முடியாமல் போகலாம். நிறுவன நிர்வாகத்தில் பதிந்த விண்டோஸ் கணினி, டிஸ்க்கையே மாற்றி விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் பழைய நிறுவனத்தின் உள்நுழைவுத் திரையில் போய் நிற்கும், ஏனென்றால் பதிவு இயந்திரத்தின் வன்பொருள் அடையாளத்தின் மேல் இருக்கிறது. பதிவு நீக்காத குரோம்புக் (கூகிளின் குரோம் ஓஎஸ் ஓடும் மடிக்கணினி), பழைய உரிமையாளரின் கணக்கோடு கட்டிய செயலாக்கப் பூட்டு எடுக்காத ஐபேட் ஆகியவற்றின் கதையும் அதுதான். ஆகவே கருவி கைமாறும் முன்பே நிர்வாகப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் அந்த அலுவலகத்தில் அது யார் வேலை என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகும்.

நிறுவனங்கள் தயங்குவது பெரும்பாலும் தகவல் கசியும் என்ற பயத்தால். அதற்கு எளிய வழி: டிஸ்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இயந்திரத்தை மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். எப்படியும் எஸ்எஸ்டி போடப்போகிறோம். ஆனால் டிஸ்க்கைத் தாங்கும் தகரச் சட்டம், நான்கு சிறு திருகு, சில ரகங்களில் இணைப்புக் கேபிள் ஆகியவை டிஸ்க்கோடு சேர்ந்து போய்விடும். அவை இல்லாமல் புது எஸ்எஸ்டியை உள்ளே நிறுத்த முடியாது. "டிஸ்க்கை மட்டும் எடுங்கள், சட்டத்தையும் திருகையும் கேபிளையும் விட்டுவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

இயங்குதளம். லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமிலும் ஓடும், 8-இல் தாராளம். பழைய கணினிகளில் நிறுவ கூகிள் தரும் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸுக்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம். நிர்வகிக்க எளிது, ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் வராது, இணையம் இல்லாத வீட்டில் அது பாதிக் கணினி. இணையம் நிலையாக இல்லாத இடத்துக்கு மின்ட்டும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும்தான் எங்கள் தேர்வு. ஒரு கணினியில் எல்லாவற்றையும் அமைத்து, தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு தட்டச்சு முறையையும் சேர்த்து, குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருளால் டிஸ்க்கின் முழு நகலை (பிம்பம்) எடுத்து மற்றவற்றில் இறக்கிவிடலாம். பிறகு எந்த இயந்திரம் குழம்பினாலும் தேடித் தேடிச் சரிசெய்யத் தேவையில்லை. பிம்பத்தை மறுபடி இறக்கினால் போதும்.

இரண்டு விதிவிலக்கு. பாடத்திட்டமோ தேர்வோ விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளைக் கேட்டால், 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும்தான் வாங்க வேண்டும். பார்வையற்ற மாணவர் இருந்தால் அவருக்குக் கட்டாயம் விண்டோஸ். இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏ அதில்தான் ஓடுகிறது. லினக்ஸில் ஓர்க்கா இருக்கிறது, ஆனால் மாணவர் ஏற்கனவே என்விடிஏவில் பழகியிருந்தால் அவரை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

குரோம்புக் பழையதாகக் கிடைத்தால் வாங்கும் முன் அதன் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு புதுப்பிப்பு என்பது அந்த ரகத்தின் அடித்தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல.

மேசைக் கணினி, மெல்லிய முனையம்

மேசைக் கணினியின் பலம் விலையும் ஆயுளும்; திருட்டும் குறைவு. பலவீனம் மின்சாரம். திரையோடு சேர்த்து 100 வாட் என்று வைத்தாலும் 20 இருக்கைக்கு 2 கிலோவாட். மின்வெட்டு உள்ள இடத்தில் அதற்கு யுபிஎஸ் போடும் செலவு, சில கணினிகளின் விலையைத் தின்றுவிடும். மடிக்கணினி வேலை செய்யும்போது இழுப்பது பொதுவாக 15 முதல் 25 வாட். 20-க்கு அரைக் கிலோவாட்டுக்குள் அடங்கும், பேட்டரி என்ற யுபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. மின்சாரம் எப்போதும் உள்ள, மாலையில் எல்லா மாணவரும் தங்கக்கூடிய விடுதிப் பள்ளி போன்ற இடத்தில் மட்டும் மேசைக் கணினி முந்துகிறது.

ஒரு சர்வர், அதிலிருந்து இயங்கும் டிஸ்க் இல்லாத மெல்லிய முனையங்கள் என்ற ஏற்பாட்டுக்கு எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் நெடுங்காலமாக இருக்கிறது. ஒரே இடத்தில் பராமரிப்பு என்பது நிஜமான வசதி. ஆனால் கிகாபிட் சுவிட்சும் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் வேகமான பெட்டி) ஒழுங்கான கேபிளும் வேண்டும், சர்வர் படுத்தால் 20 திரையும் ஒன்றாக இருளும், லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வேலை மாறிப் போனால் அறையும் அவரோடு போய்விடும். ராஸ்பெர்ரி பை 400, 500 போன்ற கீபோர்டுக்குள்ளேயே கணினி உள்ள கருவிகள் நிரல் கற்பிக்க அருமையானவை. மின்வெட்டில் எஸ்டி கார்டு கெடுவதுதான் அவற்றின் நிரந்தர நோய். திரையும் தனியாக வாங்க வேண்டும்.

டேப்லெட்டும் கைபேசியும்

ஆரம்ப வகுப்பில் படம் பார்த்து, தொட்டு, கேட்டுக் கற்க டேப்லெட் போதும். ஆறாம் வகுப்புக்கு மேல் அது ஏமாற்று. மாணவர்கள் இல்லாமல் தவிப்பது காணொளி பார்க்கும் வசதிக்காக அல்ல. அது ஏதோ ஒரு கைபேசியில் கிடைத்துவிடுகிறது. கோப்பை உருவாக்கிச் சேமித்து, திருத்தி, பெயர் மாற்றி, அனுப்பி, இரண்டு சாளரத்தை அருகருகே வைத்து ஒன்றைப் படித்து மற்றொன்றில் எழுதும் வேலைதான் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. கல்லூரியிலும் வேலையிலும் முதல் நாளே இது தெரியும் என்று எதிர்பார்ப்பார்கள். டேப்லெட்டின் பேட்டரி ஒட்டப்பட்டது, சார்ஜ் துளை முதலில் தளரும், கண்ணாடி உடைந்தால் திரையையே மாற்ற வேண்டும்.

பணமே இல்லை, ஆனால் வீடுகளில் ஆண்ட்ராய்டு கைபேசி இருக்கிறது என்றால் ஓடிஜி இணைப்பும் (கைபேசியில் யுஎஸ்பி கருவியைச் செருக உதவும் சிறு கேபிள்) யுஎஸ்பி கீபோர்டும் கொடுப்பது ஒரு இடைக்கால வழி. கட்டுரை எழுத அது நிச்சயம் உதவும். வாங்கும் முன் அந்தக் கைபேசிகள் ஓடிஜியை ஏற்கின்றனவா என்று ஒரே ஒரு இணைப்பை வைத்துச் சோதியுங்கள். யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே டிவியில் படம் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பல கைபேசிகள் அந்தத் துளையில் காணொளியை வெளியே அனுப்புவதில்லை.

இணையம் இல்லாத வீடும் மெதுவான அறையும்

இரவல் போகும் மடிக்கணினி இணையமில்லாத வீட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டே தயாரிக்க வேண்டும். பாடநூல்களின் பிடிஎஃப், இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா, தட்டச்சுப் பயிற்சி, நிரல் எழுதும் மென்பொருள், பாடக் காணொளிகள் எல்லாம் டிஸ்க்கில் ஏற்கனவே இருக்கட்டும். வீட்டில் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைப்பார்கள் என்றால் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, அந்த இணைப்பை அளவுள்ள இணைப்பு (மீட்டர்டு) என்று குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னணியில் இறங்கும் புதுப்பிப்பு ஒரே நாளில் அப்பாவின் டேட்டா முழுவதையும் விழுங்கும். அடுத்த முறை அந்த வீட்டிலிருந்து இரவல் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

அறைக்கு ஒரு உள்ளூர் சர்வர் வைப்பது மிக மலிவான முதலீடு. கொலிப்ரி என்ற இலவசக் கற்றல் தளத்தை நிறுவி, நல்ல இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை பாடங்களை இறக்கிக்கொண்டால், அறையில் உள்ள எந்தக் கணினியும் கைபேசியும் உலாவி மூலமாகவே பார்க்கலாம். இணையச் செலவு இல்லை. கிவிக்ஸில் ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவு வரும், காணொளிப் பாடங்கள் அதற்கு மேல், ஆகவே 1 டிபி டிஸ்க் போட்டுவிடுங்கள். இதற்கு ராஸ்பெர்ரி பை வாங்குவதைவிடத் திரை உடைந்த ஒரு மடிக்கணினியே சிறந்த சர்வர். பேட்டரி இருப்பதால் மின்வெட்டில் கோப்புகள் கெடாது. கிடைக்கிற பாடம் எல்லாவற்றையும் இறக்கிக் குவிக்க வேண்டாம். இந்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்குப் பொருந்துவதை ஆசிரியர் பொறுக்கி வரிசைப்படுத்தித் தராவிட்டால் மாணவர் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

இணையம் உண்டு, ஆனால் அறையில் ஊர்கிறது என்றால் காரணம் எப்போதும் இணைப்பின் வேகமல்ல. வீட்டுக்கான ரவுட்டர் 20, 25 கருவி சேர்ந்ததும் திணறும். அருகருகே இரண்டு ரவுட்டர் வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளில் வெவ்வேறாக அமைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் இரண்டும் கெடும். 480பி தரத்தில் காணொளி ஆளுக்கு ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் கேட்கும். நேரலை வகுப்பு மேலேற்றத்திலும் (அப்லோடு) அதே அளவைக் கேட்பதால், ஒப்பந்தத்தில் மேலேற்ற வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவல் எங்கே உடைகிறது

பெரும்பாலும் சார்ஜரில். கேபிளை இறுக்கிச் சுற்றி வைப்பதால் முனைக்கு அருகில் உள்ளே கம்பி அறும். 30 மடிக்கணினிக்கு 36 சார்ஜர் வைத்துக்கொள்வது நல்லது. தளர்வாகச் சுற்றுவது எப்படி என்று இரவல் தரும்போதே கையில் காட்டிக்கொடுங்கள். அடுத்தது சார்ஜ் குத்தும் துளை, அதற்கடுத்து மூடியின் கீல், பிறகு கீபோர்டில் கொட்டிய தண்ணீர். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதன் பைக்கும் சார்ஜருக்கும் ஒரே எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். ஒட்டுத்தாள் இரண்டு மாதம்கூட நிற்காது. திரும்பி வரும்போது கீல், திரை, விசைகள், சார்ஜர் முனை, கணக்கிலிருந்து வெளியேறியாயிற்றா என்ற ஐந்தையும் மாணவர் முன்னாலேயே பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வைப்புத்தொகையும் உடைந்தால் அபராதமும் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அபராதம் போட்டால் உடைவது குறையாது. ஏழைக் குடும்பங்கள் எடுக்காமலே விடுவார்கள், எடுத்தாலும் பீரோவில் பூட்டி வைத்து ஒரு வாரம் கழித்து அப்படியே திருப்பித் தருவார்கள். கணக்கில் அது 14 மணி நேரம், உண்மையில் பூஜ்யம். பழுதைச் செலவாக முன்பே எழுதிவிட்டு, உடைந்ததை உடனே சொன்னால் திட்டு இல்லை என்று பெற்றோரிடம் நேரில் சொல்வது மலிவு. இரவல் காலம் வழக்கமாக ஒரு வாரம். செயல்திட்டமோ விண்ணப்பக் காலமோ வந்தால் மூன்று வாரம்.

கண்காணிப்பு மென்பொருள் விஷயத்தில் கை நீளக் கூடாது. 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மாணவர்களுக்குப் பள்ளி நிர்வாகம் கொடுத்த மடிக்கணினிகளின் கேமரா தொலைவிலிருந்து வீட்டுக்குள் படம் எடுத்தது வெளியே வந்து, வழக்காகிப் பெரும் தொகைக்குச் சமரசமானது. திருட்டுக்குப் பயந்து கேமரா, திரைப் பதிவு எதையும் போடாதீர்கள். பயாஸ் கடவுச்சொல்லும் மூடியில் பெரிதாக எழுதிய பள்ளிப் பெயரும் மறுவிற்பனையைத் தடுக்கப் போதும்.

எந்த இடத்துக்கு எது

மாலையில் தங்க முடியாதவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், நான்காவது வழியிலும் இரவல் பக்கத்துக்கு எடையைக் கூட்டுங்கள். பத்துப் பேருக்கும் குறைவு என்றால் அறையைப் பெரிதாக்கி, மூன்று நான்கை மட்டும் வீட்டுக்கு விடலாம். பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் நிலையில்லை என்றால், இரவல் பேட்டரியின் ஆயுளை மட்டுமே நம்பி நிற்கும். புதிய பேட்டரிக்குப் பணம் இல்லாத பட்சத்தில் காலையில் வகுப்புக்கு முன் ஒரு மணி நேரம் அறையைத் திறப்பது கூடுதல் பலன் தரும். இறுதியாண்டு மாணவர் படிப்பு முடித்து வெளியேறும்போது அவருக்கு ஒன்றைச் சொந்தமாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு, ஆனால் அது சுற்றிலிருந்து ஓய்வு பெறும் இயந்திரமாக இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு முன்நிபந்தனை: வாரத்துக்கு ஆறு மணி நேரம் சம்பளமோ வேலைக்குறைப்போ பெற்றுக்கொண்டு இதைப் பார்க்கும் ஒரு பெரியவர், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். கணினி ஆசிரியர் தன் வேலையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு ஆகாது. தேர்வு மாதம் வந்ததும் அறை பூட்டப்படும், சாவி யாரிடம் என்று தெரியாது. அப்படி ஒருவரை நியமிக்க முடியவில்லை என்றால் எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை, ஏற்கனவே கணினி வைத்திருந்தும் மாலை ஐந்துக்கு மூடிவிடும் பொது நூலகத்துக்குக் கொடுத்து, இரவு எட்டு வரை திறந்து வைக்க ஒரு ஊழியரின் சம்பளமாகப் பேசி முடியுங்கள்.